கடைமடை அணி

தை கடைசியில் அறுப்பு முடிந்தது.
உளுந்து தெளிக்கவில்லை நான்.
மூன்று மா குத்தகை நிலம்
கோரையாறு பிரண்ட்ஸின் சொந்த மைதானம்.
தென்வரப்பும் வடவரப்பும் எல்லைக்கோடு.
நடுவரப்பை மட்டும் வெட்டிச் சமன் செய்தோம்.
சவுக்குக் கம்பம்,
ஆரோக்கியம் கொடுத்த கிழிந்த மீன்வலை.
"ரெண்டு மூட்டை உளுந்தைக் காலால உதைக்கிறீங்க"
என்றாள் பூங்கோதை.
கணக்கு சரிதான். ஒரு படி முன்னே பின்னே இருக்கும்.

இங்கே எங்களை ஜெயிப்பது கஷ்டம்.
எந்த வெடிப்பில் விழுந்தால் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று
எங்கள் பையன்களுக்குத்தான் தெரியும்.
எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்:
ஈசானி மூலையில் பந்து செத்து நிற்கிறதே,
போன வருஷத்து நாற்றங்கால் அது,
எரு அதிகம்.

வெளியூருக்குக் குணசீலனின் குட்டியானை.
பின்னால் பதினாறு பேர், ஒரு தண்ணீர் டிரம்,
சுண்டல் விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஜெகதா.
ஒரே ஒரு தூக்குவாளி வைத்திருப்பாள்.
இடைவேளைக்குள் அதையும் எங்களுக்கே கொடுத்துவிட்டு
கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.
சகாபுதீனை ஒருவன் திட்டினால்
அவன் பாட்டன் வரைக்கும் அன்று தூங்க முடியாது.

கூத்தாநல்லூரில் மூன்று வாங்கினோம்.
காரைக்காலில் மழை, ஆட்டமில்லை,
டீசல் காசு போனது.
அதிரையில் ராத்திரி ஆட்டம்,
அத்தனை விளக்கைக் கண்டு எங்கள் பையன்களுக்குக் கண் கூசியது.
கூட்டத்தில் ஒருவன் கத்தினான்:
"கடைமடைக்காரனுக்குத் தண்ணிதான் லேட்டுன்னா
கோலும் லேட்டா?"
ஊரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.
கடைசி நிமிஷத்தில் இளம்பரிதி அடித்தான்.
லேட்டுதான்.

பன்னிரண்டாம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள்.
டீக்கடை டிவியில் பூத் தூவினார்கள்.
திருவையாற்றுப் பக்கத்து அணிகள்
பந்தைப் பரணில் போட்டுவிட்டு மண்வெட்டி எடுத்தன.
எங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.
யாருக்கும் கேட்காமல் இதைச் சொல்கிறேன்:
மறியலில் முதல் வரிசையில் உட்கார்ந்து
"கடைமடைக்குத் தண்ணீர் விடு" என்று
தொண்டை கிழியக் கத்தினேன்.
உள்ளே இன்னொரு கோஷம் ஓடிற்று,
ஞாயிறு கழித்து விடு,
ஞாயிறு கழித்து விடு.

சனி ராத்திரி லஸ்கர் மாசிலாமணி போன் செய்தார்:
"தலைப்பு திறந்தாச்சு, விடிஞ்சா உங்க வாய்க்கால்ல."
பத்தரை மணிக்கு டார்ச்சோடு போய்
என் மடையை நானே அடைத்தேன்.
நாலு கூடை மண், மேலே வைக்கோல், மேலே என் கால்.
எங்கள் அப்பா அந்த மடையைத் திறப்பதற்காக
ஒருவன் மண்டையை உடைத்தவர்.

அரையிறுதி, மன்னார்குடி அணி.
வடவரப்புக்கு அந்தப்பக்கம் புதுத்தண்ணீர்,
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக.
பந்து ஏழு தடவை வாய்க்காலில் விழுந்தது.
ஏழு தடவையும் பொடிசுகள் மதகு வரை துரத்தின.
நனைந்த பந்து கனத்தது.
மன்னார்குடிக்காரன் கால் ஓங்கி உதைக்க
அது சோம்பேறி எருமைபோல் நாலடி நகர்ந்தது.
ஒன்றுக்கு ஒன்று. பிறகு பெனால்டி.
சகாபுதீன் இரண்டைத் தடுத்தான்,
ஒன்றை முகத்தால்.

விசில் அடங்குமுன் நான் மடைக்கு ஓடினேன்.
மண்ணைச் சரித்ததும்
தண்ணீர் முதலில் வெடிப்புகளுக்குள் இறங்கியது,
வயலே குடம் நிரம்புகிற மாதிரி சத்தம் போட்டது.
மூட்டைகளைக் கைகளில் பிடித்த மாதிரி
பூட்ஸைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் பையன்கள்.
சுண்ணாம்பு நடுவட்டம் கொஞ்ச நேரம் மிதந்தது.
பூங்கோதை வரப்பில் வந்து நின்றாள்:
"வெத முந்தாநாளே ஊறிடுச்சு.
வாடை வந்தாச்சு."

இறுதி ஆட்டம் அதிரையில்.
இனி தை வரைக்கும் எங்களுக்கு எல்லாமே வெளியூர்.
குணசீலன் டீசலுக்குத் தலைக்கு எண்பது என்கிறான்.
கோல் கம்பத்தைப் பிடுங்கவில்லை.
நடவுக்கு வருகிறவர்கள்
சுற்றி நட்டுக்கொள்ளட்டும்.