இருநூற்றுப் பதினான்கு பிரதிகள்

செண்டாயில் இரவு இரண்டு மணிக்கு
செய்தித்தாள் லாரி வந்து நிற்கும்.
விளம்பரத் தாள்களை நடுவில் செருகி,
மழையென்றால் ஒவ்வொன்றுக்கும் உறை மாட்டி
ஸ்கூட்டரில் அடுக்குவேன்.
இருநூற்றுப் பதினான்கு பிரதிகள்.
என் மொழிப்பள்ளிக் கட்டணத்தை
இந்தக் கடைதான் கட்டுகிறது.

முதலாளியம்மா ஹதகேயாமாவுக்குத் தெரியாமல்
ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும்
கேட்டல் பயிற்சி ஓடும்.
"ஒருமுறைதான் ஒலிக்கும்" என்று தொடங்குகிற பெண்குரல்.
ஒருநாளும் சளி பிடிக்காத குரல்.
மாணவன் அறிக்கையைத் தாமதமாகத் தருகிறான்,
பேராசிரியர் என்னவோ சொல்கிறார்,
மாணவன் முதலில் என்ன செய்வான்?
பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி
மூன்று, என்கிறேன்.
விடை ஒன்று.

அறைத்தோழி தியூ வியட்நாம்காரி.
சாப்பாட்டுப் பொட்டலத் தொழிற்சாலையில்
ஒரே ஊறுகாய்த் துண்டை
ஆயிரம் பெட்டிகளில் ஒரே மூலையில் வைத்துவிட்டு வந்து
குளியல் தொட்டிக்குள் வேதியியல் படிப்பாள்.
நனையாதிருக்க பக்கங்களை உறைக்குள் போட்டிருக்கிறாள்.
உறை என் கடையிலிருந்து போனதுதான்.
இருவரும் விண்ணப்பிப்பது ஒரே துறைக்கு.
வெளிநாட்டவருக்கு எத்தனை இடம்?
கையேட்டில் எண் இல்லை,
'சிலர்' என்று போட்டிருக்கிறது.
எல்லாச் சொல்லுக்கும் அகராதி புரட்டுகிற நாங்கள்
அந்த ஒரு சொல்லை மட்டும்
ஒருவர் முன் ஒருவர் வாசிப்பதில்லை.

செப்டம்பரில் ஒரு மாதிரிக் கட்டுரை.
முப்பது நிமிடம், ஐந்நூறு கட்டம்.
'அச்சிட்ட செய்தித்தாள் இனியும் தேவையா?'
தேவை என்று எழுத
'சந்தா' என்ற சொல் வேண்டியிருந்தது,
அதன் எழுத்து கைக்கு வரவில்லை.
தேவையில்லை என்பதற்கோ
மனப்பாடம் செய்த வாக்கியங்கள் வரிசையில் நின்றன:
காகிதம் வீண், மரம் வீண்,
கைப்பேசி போதும், காலம் மாறிவிட்டது.
ஐம்பதுக்கு நாற்பத்தைந்து.
தெளிவான நிலைப்பாடு என்று
ஆசிரியர் சிவப்பில் எழுதியிருந்தார்.

மறுநாள் விடியலில்
ஒவ்வொரு பெட்டிக்குள் தாளைத் தள்ளும்போதும்
யாரோ பார்த்துவிட்டதுபோல் இருந்தது.
விரல் மையை முகர்ந்தேன்.
எழுத்து வராததால்தான் அப்படி எழுதினேன்
என்று யாரிடம் போய்ச் சொல்வது?
அந்த வாரமே
மேட்டுத்தெரு மூலைவீடு நிறுத்திவிட்டது.
என் கட்டுரையை அவர்கள் படித்திருக்க முடியாது.
இருந்தாலும்.

நவம்பர் ஞாயிறு. எங்கள் தேர்வு.
அன்றும் இருநூற்றுப் பதின்மூன்றையும் போட்டுவிட்டுத்தான்
ரயிலேறினேன்.
மங்கோலியப் பெயரின் ஒலிகளை
ஜப்பானிய எழுத்தில் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன்.
ஒத்கோன்ஜர்கல். கட்டங்கள் போதவில்லை.
எங்கள் கேள்விகள்
எந்தத் தாளிலும் வரவில்லை.

டிசம்பரில் மதிப்பெண்.
தியூவுக்கு என்னைவிடப் பதினொன்று கூடுதல்.
அன்றிரவு அவள் நூடுல்ஸில் இரண்டு முட்டை போட்டாள்,
இரண்டும் என் கிண்ணத்தில் கிடந்தன.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரியில்
உள்ளூர்ப் பிள்ளைகளின் தேர்வு.
அதன் கேள்விகளும் விடைகளும்
பக்கம் பக்கமாக அச்சாகும்.
கட்டு கனக்கிறது,
பனியில் ஸ்கூட்டர் ஒருபக்கம் சாய்கிறது.
மூலைவீட்டுக்கு முன்னால்
பழக்கத்தில் நின்றுவிட்டேன்.
கையில் ஒரு பிரதி.
தெருவிளக்கடியில் பிரித்து
கணக்குப் பக்கத்தைத் தேடினேன்.
கையுறையைப் பல்லால் கழற்றி
சட்டைப்பையிலிருந்த துண்டுப் பென்சிலை எடுத்து
முதல் கேள்வியில் இறங்கினேன்.
இன்னும் தொண்ணூறு வீடு பாக்கி.