உசாத்துணை 17

சஞ்சிகையின் பெயர் சாய்வெழுத்தில் வேண்டுமாம்.
தொகுதி எண் தடிப்பாக. பக்கங்களுக்கு நடுவே
சிறுகோடு அல்ல, அதைவிடச் சற்றே நீண்டது.
வெள்ளவத்தையில் கடைசி ரயில் போய் நெடுநேரம்.
நான் இன்னும் காற்புள்ளிகளை
அரைப்புள்ளிகளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதினாறு வரை சிக்கலில்லை.
பதினேழு: மரியநாயகம், ச.
பேரை வாவியில் அன்னப் படகு வாடகைக்கு விடுபவர்.
மீன் செத்து மிதந்த நாட்களை
ஒன்பது வருடமாக
டிக்கெட் அடிக்கட்டைகளில் குறித்து வைத்தவர்.
‘இண்டைக்குப் பச்சை. சரியான நாத்தம். பதினாலு திலாப்பியா.’
ஆண்டு உண்டு. பதிப்பகம் இல்லை.
டிஓஐ கேட்டால் சிரிப்பார்.

அச்சில் வராதவை பட்டியலில் இடம்பெறலாகாது,
வழிகாட்டி, பக்கம் ஆறு.
எடுத்துவிடு, நன்றியுரையில் போடலாம்
என்று எழுதியிருந்தாள் ஃபர்ஸானா.
நன்றியுரைக்கு ஐம்பது சொல்.
நிதி தந்தவர்களுக்கே நாற்பத்தேழு போய்விட்டது.

அழித்தேன்.
பதினெட்டு பதினேழாயிற்று, பத்தொன்பது பதினெட்டு.
பஸ்ஸில் ஒருவர் இறங்க
வரிசை முழுக்க ஓரிடம் தள்ளி உட்கார்வதுபோல்
அறுபத்திரண்டு வரை சத்தமில்லாமல் நகர்ந்தார்கள்.
இடைவெளியே தெரியவில்லை.

படம் இரண்டில் மட்டும்
அவருடைய கறுப்புப் புள்ளிகள்
அந்தந்த நாட்களிலேயே நிற்கின்றன, மேற்கோள் இல்லாமல்.

மிச்சம் மூன்று சொல்.
‘மரியநாயகம், பேரை வாவி’ என்று தட்டினேன்.
பெட்டி ஏற்றுக்கொண்டது.
தகப்பன் சவிரிமுத்துவின் ‘ச’வுக்குத்தான்
இடமில்லை.