காரணக் குறியீடு மூன்று

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
ஆறுகளைத் தரைக்கடியில் புதைத்துவிட்டுப்
பெயரை மட்டும் வைத்துக்கொண்டது வூட்ச்.
அதன் விளிம்பில், நெடுஞ்சாலை ஓரம்,
ஜன்னல் இல்லாத கொட்டகையில்
போலந்து வேண்டாம் என்றதையெல்லாம்
பிரித்துப் பார்க்கிறவள் நான்.

இரவுப் பணி. மணிக்கு நாற்பது பொட்டலம்.
கத்தி, மூக்கு, பைக்குள் கை, காலரில் விரல்.
ஒன்று: நிறம் வேறு. இரண்டு: தாமதம்.
மூன்று: அளவு சரியில்லை.
இப்படி ஒன்பது வரை போகிறது.
ஒன்பது என்றால் பிற.
ஒன்பதை அழுத்தினால் மேற்பார்வையாளர் ஏன் என்பார்,
அதனால் யாரும் அழுத்துவதில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை
நடிகை கலீனா வ்ரோன்ஸ்கா
சோபோட் கடற்கரையில் முப்பது நொடி நடந்தாள்.
கடுகு மஞ்சளில் ஒரு கோட்டு.
காற்றும் கூலிக்கு வந்ததுபோல
சரியான பக்கத்திலிருந்தே அடித்தது.
"இது கோட்டு இல்லை, என் இரண்டாவது தோல்."
தொடரில் அவள் அழுதபோது கூட அழுத நாடு,
இதை மட்டும் கேட்காமல் விடுமா?
பல் மருத்துவர் வாங்கினார்.
டிராம் ஓட்டும் பெண் வாங்கினாள்.
மஞ்சள் தனக்கு ஆகாது என்று
நாற்பது வருடமாய்த் தெரிந்தவளும் வாங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் தோல் உரியத் தொடங்கியது.
முதல் லாரியில் அறுநூறு.
கொட்டகைக்குள் கடுகு வயல் பூத்தது.
பைகளில் திரையரங்கச் சீட்டு, ஆரஞ்சுத் தோல்,
ஞானஸ்நான விருந்தின் இருக்கை அட்டை.
காலரில் முகப்பூச்சு.
விலைச்சீட்டு மட்டும் கசங்காமல்.
ஒரு சாயங்காலம் உடுத்தி, படம் எடுத்துப் போட்டு,
விழுந்த இதயங்களை எண்ணி முடித்து,
மடித்து அனுப்பியிருக்கிறார்கள்.
திருடர்கள் என்பான் பக்கத்து மேசை ஸெனோன்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
கலீனா செய்ததும் அதுதானே.
அவளுக்குக் காசு கொடுத்தார்கள்,
இவர்கள் தபால் செலவு கட்டினார்கள்.

புதன்கிழமை, விடிகாலை மூன்று மணி.
ஒரு கோட்டு வழக்கத்தைவிடக் கனத்தது.
அக்குளில் பசையின் தடம்.
கீழ் மடிப்பில் மணல்.
முதுகில், இடுப்பு முதல் தோள்வரை,
கறுப்பு பிளாஸ்டிக் கவ்விகள் ஏழு,
உபரித் துணியைக் கொத்தாய்க் கவ்வியபடி
மீன்முள் போல வரிசையாக.
அளவு நாற்பத்து நான்கு.
அவளோ முப்பத்தாறைத் தாண்டமாட்டாள்.
அனுப்புநர்: வார்சாவில் ஒரு முகவர் அலுவலகம்.
சீட்டில் யாரோ பச்சை மையில் எழுதியிருந்தார்கள்:
மூன்று.

ஸெனோனைக் கூப்பிடவில்லை.
கைபேசிகள் பெட்டகத்தில், படம் எடுக்க வழியில்லை.
எடுத்திருந்தால் மட்டும் என்ன?
என்னைப் பின்தொடர்வது நாற்பத்தோரு பேர்,
அதில் ஒன்று மெத்தைக் கடை.

மணலைத் தட்டினேன். பசையைச் சுரண்டினேன்.
கடைசிக் கவ்வியைக் கழற்றியதும்
கோட்டு மூச்சு விட்டுத் தன் அகலத்துக்கு வந்தது.
மூன்று, அழுத்தினேன்.
தள்ளுபடிக் கூடைக்குப் போனது.
இந்நேரம் பியாவிஸ்டாக்கில் யாரோ ஒருத்தி,
உண்மையிலேயே நடிகையின் கோட்டுக்குள்,
அது தெரியாமல், பேருந்துக்கு ஓடிக்கொண்டிருப்பாள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும்.
என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்
ஒரு கடுகு மஞ்சள் தொங்குகிறது.
அதே ஞாயிறு மாலை, நான்கு தவணையில்.
தோளில் வழிகிறது, முதுகில் உப்புகிறது.
திருப்பி அனுப்பப் பதினான்கு நாள் கெடு.
பதினைந்தாம் இரவிலும் நான்
ஊராருடையதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரை மணி, கண்ணாடி முன்னால்
சட்டைப்பையிலிருந்து இரண்டு கவ்விகளை எடுத்தேன்.
வாசலில் இருக்கும் கருவி
பிளாஸ்டிக்கைக் கண்டுகொள்வதில்லை.
கையைப் பின்னால் வளைத்து
ஒன்று. எட்டவில்லை. மறுபடி. இரண்டு.

முன்னாலிருந்து பார்த்தால்
கச்சிதம்.
திரும்பாமல் இருக்கவேண்டும்,
அவ்வளவுதான்.