ஈரத்துக்குக் கழித்தது போக

மூடுபனி இறங்கினால் இணையம் படுத்துவிடும் கடை என்னுடையது.
கோத்தகிரி, மார்க்கெட்டுக்குப் பின்சந்து.
பட்டா நகல், மின்கட்டணம், ஆதாரில் பிழைத்திருத்தம்.

கொழுந்து எடைபோடும் கிருபாவதி அக்கா
நேற்று நாலு மணிக்கு வந்தார்.
சீட்டில் இரண்டு ஊர்:
ஆக்லாந்து. வான்கூவர்.
"இந்த ரெண்டுக்கும் எவ்வளவு தூரம், பாரு."

"இங்கிருந்தா அக்கா?"
"இங்கிருந்து எனக்குத் தெரியும்."

விமான நிலையத்தின் பெயர்களைத் தட்டினேன்.
கோடு ஒன்று ஓடி
வரைபடத்தின் வலது ஓரத்தில் காணாமல் போய்
இடது ஓரத்தில் நுழைந்தது.
"நடுவுல எங்க போச்சு?"
"காகிதம்தான் முடிஞ்சுது அக்கா, பூமி முடியலை."
விரலை வைத்துத் தேடினார்.
வழி நெடுக நீலம்,
டீ குடிக்க நிறுத்தவும் ஓர் ஊர் இல்லை.

பதினோராயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பதின்மூன்றரை மணி நேரம்.

"அவ்வளவுதானா."

ஐப்பசியில் மண் சரிந்தபோது
மேட்டுப்பாளையம் போய்த் திரும்ப
எங்கள் பஸ்ஸுக்கு ஆனதும் கிட்டத்தட்ட அதுதான்.
இந்த மலையில் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை,
எதிரே லாரி மாட்டாவிட்டால் இவ்வளவு,
மாட்டினால் சாமி விட்ட வழி.

பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
செவ்வாய் இரவு எட்டுக்கு ஏறினால்
அதே செவ்வாய் பகலில் இறங்குகிறது.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.
தேதிக்கோடு என்று ஆரம்பித்து
டம்ளரைச் சுற்றி, செல்போனை நகர்த்தி
நானே குழம்பிப்போனேன்.

"கிளம்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுவானா?"
"கணக்குல மட்டும் அக்கா."
"ஈரத்துக்குக் கழிக்கிற மாதிரியா?"
"அதேதான்."

சாக்கின் எடை, இலையின் ஈரம்
எல்லாம் கழித்துக் கழித்து எழுதிய கை
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொறகு ஏன் ஆறு வருசம்?"

நாற்பது சென்ட். சரிவில், கேரட் போட்ட நிலம்.
மூலையில் இருக்கும் ஊற்று யார் பக்கம் என்பதில்
தேவசித்தமும் ஜெபசிங்கும் பேச்சை விட்டது
கடைத்தெருவுக்கே தெரியும்.
ஊற்று இரண்டு கோடையாக வறண்டு கிடப்பது
அவர்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

"பிரிண்ட் எடு. ரெண்டு."
"வாட்ஸ்அப்பிலே அனுப்பிடலாமே அக்கா, காசு மிச்சம்."
"பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்துக்குவானுங்க.
கவரைக் கிழிச்சே ஆகணுமில்ல?"

மை குறைவு. கடல் வெளிறி வந்தது.
கோடு மட்டும் கருப்பு.
இருபது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.

சந்தில் எதிர்க்கடை தெரியவில்லை, அவ்வளவு பனி.
ஒருவனுக்கு நள்ளிரவு நெருங்குகிறது,
இன்னொருவனுக்கு விடியவே இல்லை.
படியிறங்கியவர் திரும்பினார்:

"தபால்ல போட்டா எத்தனை நாளாகும், தம்பி?"

தட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.
இணையம் போயிருந்தது.