அறுபத்து நான்கு

பகாவ் பட்டணத்தில் ஆ கியோங் கடை.
அவன் ஒரு விலை சொல்வான், நான் பாதி சொல்வேன்,
அவன் சிரிக்க மாட்டான்.

முதலில் வாங்கியது வெறும் கூடு.
பக்கத்து மூடி இல்லை. பதினைந்து வெள்ளி.
மூன்று சனிக்கிழமைகள்
செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய காசு.
நகக்கண்ணில் ஏறியிருந்த முள்
பேருந்தில் கூட்டைக் கட்டிப்பிடித்து நின்றபோது
விண்விண்ணென்று தெறித்தது.
"மீன் வளர்க்கப்போறியா பாப்பா?" என்றார் கண்டக்டர்.

அப்புறம் மாதத்துக்கு ஒன்று.
சீனப் பத்திரிகையில் சுற்றிய தாய்ப்பலகை.
யாரோ ஒருவரின் கல்யாணப் பாடல்கள் அழியாமல் கிடந்த
இரண்டு கிகாபைட் வட்டு.
பள்ளி அலுவலகம் வேண்டாமென்று கழித்த திரை,
இடது ஓரத்தில் எப்போதும் பச்சைக் காய்ச்சல்.
ஒரு திருகாணி குறைந்தது.
அப்பா தன் மோட்டார் சைக்கிளின் எண்பலகையிலிருந்து
ஒன்றைக் கழற்றித் தந்தார்.
அதற்குப் பிறகு ஒரு பக்கம் சரிந்தே ஓடியது அந்த எண்.

உயிர் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.
ஒரு படம் திறப்பதற்குள் சோறு வடித்துவிடலாம்.
மேசை விசிறியை அதன் வயிற்றைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு
நான் வியர்த்துக்கொண்டிருப்பேன்.
ஒரு நாள் எறும்புகள் முட்டையோடு குடிவந்திருந்தன.

"ரேம் பத்தல," என்றான் மூன்றாம் வீட்டு லோகேந்திரன்.
முப்பத்திரண்டை எடுத்து அறுபத்து நான்கைப் போடணும்.
ஒரே ஒரு துளைதான், இரண்டுக்கும் இடமில்லை.
"அப்போ இவ்வளவு நாளா பாதிக் கலைதான் தெரியுமா அதுக்கு?"
என்று கேட்டுவிட்டு
அப்பா மட்டும் தனியாகச் சிரித்தார்.

தொண்ணூறு வெள்ளி.
மலாக்கா சுற்றுலாவுக்கு
வகுப்பில் கட்டச் சொல்லிக் கொடுத்த காசு.
இதை இன்றுவரை எங்கும் சொன்னதில்லை.

காலை ஏழரை.
செனவாங் தொழிற்சாலைப் பேருந்து
முச்சந்தியில் அம்மாவை இறக்கிவிட்டுப் போகும்.
மங்களேஸ்வரி என்ற பெயர் அட்டையில் அடங்காமல்
மங்களேஸ் என்று வெட்டுப்பட்ட அம்மா.
இரவெல்லாம் கண்ணாடிக்குழலில் குனிந்திருந்த கண்கள்
இன்னும் ஓரத்தில் சிவந்திருக்கும்.

கையில் பச்சைச் சீப்புபோல அதைப் பிடித்தபடி
நான் மாட்டிக்கொண்டேன்.
காசு எங்கிருந்து என்று கேட்பாள்,
மலாக்கா என்று நான் விழுங்குவேன்,
எல்லாம் தயாராக இருந்தது.

"வெறுங்கையாலயா தொட்ட?"
அதுதான் கேட்டாள்.

பிடுங்கவில்லை. விளிம்பில் மட்டும் விரல் வைத்து வாங்கினாள்,
பிறந்த குழந்தையின் கழுத்தைத் தாங்குவதுபோல.
சன்னல் வெளிச்சத்துக்குப் போனாள்.
ஒரு கண்ணை மூடினாள்.
எட்டுக் கறுப்புச் சில்லுகள்,
ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் வெள்ளிக் கால்கள்.
உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆறு வருடம்.
வளைந்த கால் இந்தப் பக்கம், நேரான கால் அந்தப் பக்கம்.
பெட்டியில் அடுக்கி, நாடா ஒட்டி, லோரியில் ஏற்றி,
அதற்கப்பால் என்ன என்று
ஒருவரும் காட்டியதில்லை அவளுக்கு.

"இதுக்குத்தானா?"

நான் துளையைக் காட்டினேன்.
அவளே அழுத்தினாள்.
இரண்டு காதும் டக்கென்று மூடிக்கொண்டன.

பொத்தானைத் தட்டினேன்.
கறுப்புத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின,
எண்ணாயிரம், பதினாறாயிரம்,
முப்பத்திரண்டைத் தாண்டியபோது
அம்மா என் தோளைப் பிடித்தாள்.
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறில் நின்றது.

நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
குளிக்கவில்லை, தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
"இன்னொரு தடவ" என்றாள்.

அணைத்துப் போட்டேன்.