எட்டாம் பதிப்புக்கு ஒரு கிளை

வெட்டுவதென்று முடிவாகியிருந்தது.
எட்டாம் பதிப்பும் அதற்குக் கீழே உள்ளவையும்
இனி நம் பொறுப்பல்ல.
வாக்கெடுப்பில் நானும் கை தூக்கினேன்.
எழுநூற்றுப் பன்னிரண்டு வரி குறையும்.
எழுதும்போது கிடைக்காத சுகம்
அழிக்கும்போது கிடைக்கும் என்பதை
இந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்வதில்லை.

பிர்னோவில் அன்று பனி இல்லை, சேறுதான்.
நாலாம் எண் டிராம் திரும்பும்போதெல்லாம்
என் திரை லேசாக நடுங்கும்.
அப்படி ஒரு நடுக்கத்தில் வந்தது மார்யுனின் மின்னஞ்சல்,
ஃபரோ தீவுகளில், கிளாக்ஸ்விக் துறைமுகத்து
மீன் எடைபோடும் கொட்டகையிலிருந்து.

"எங்கள் சர்வருக்கு வயது பதினாறு.
வட்டு டிக் டிக் என்கிறது.
உங்கள் புதிய கருவியை வைத்து நகலெடுக்கப் பார்த்தேன்.
முதல் கேள்வியிலேயே செத்துவிட்டது.
கருவியைச் சொல்கிறேன்.
சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது."

அந்தக் கேள்வி எது என்று எனக்குத் தெரியும்.
நான் எழுதியது.
ஒவ்வொரு அட்டவணையிடமும் போய்
உன் வரிசைகளுக்குக் காவல் உண்டா என்று கேட்கும்.
எட்டாம் பதிப்பு பிறந்தபோது
அப்படியொரு காவலே கிடையாது.
அதனால் உண்டு என்றும் சொல்லாமல்
இல்லை என்றும் சொல்லாமல்
நீ பேசும் சொல்லே தெரியாது என்று
கதவைச் சாத்திக்கொண்டது.
வெட்டத்தானே போகிறோம் என்று
பழையதுக்கான கிளையை நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

பழைய கருவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன்.
அவளுடைய புது மடிக்கணினியில் அது எழவில்லை.
என்னுடையதிலும்தான்.
நானூறு எச்சரிக்கை, பதினொரு பிழை.
ஹெட்விகா எட்டிப் பார்த்து
"பிணத்துக்கு வைத்தியமா?" என்றாள்.
ஒவ்வொரு பிழையாக வாயைக் கட்டி
நள்ளிரவு தாண்டி ஒருவழியாக
எட்டாம் பதிப்பு சர்வரே என் மேசையில் மூச்சுவிட்டது,
சோதித்துப் பார்க்க.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்:
எதிரில் இருப்பது பழையதென்றால்
அந்தக் கேள்வியைக் கேட்காதே.
பதிலை நீயே எழுதிக்கொள், இல்லை என்று.

ஆனால் எந்த இல்லை?
வெற்றாக விட்டால் தெரியவில்லை என்றாகிவிடும்.
இருந்து தொலைந்ததல்ல,
மறைத்து வைத்ததல்ல,
ஒருநாளும் இருந்ததில்லை.
அரைமணி நேரம் போனது.
கடைசியில் 'பொய்' என்று போட்டேன்.
அதைவிட உண்மையான வரி
அந்தக் கோப்பில் இல்லை.

மூன்று மணி நேரம் ஓடியதாம்.
முதலில் அட்டவணைகளின் வடிவம்,
பிறகு மீன்களின் எடை,
கடைசியில் ஒன்றோடொன்றைக் கட்டும் முடிச்சுகள்.
பதினாறு வருடத்துக்கு முன் ஒரு நவம்பரில்
யாரோ இறக்கிய நாற்பது கிலோ காட் மீன்கூட
சேதமில்லாமல் வந்துவிட்டது.
படகுப் பெயர்களில் மட்டும்
அவர்கள் மொழியின் குறுக்குக்கோடு போட்ட எழுத்து
எல்லா இடத்திலும் கேள்விக்குறியாகியிருந்தது.
மன்னிப்புக் கேட்டேன்.
"முப்பத்தொரு படகுதான்" என்றாள்.
"பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியும்."

மே மாதம் அந்தக் கிளையையும் சேர்த்து வெட்டினேன்.
எழுநூற்றுப் பத்தொன்பது வரி.
'எட்டாம் பதிப்பு: ஆதரவு இல்லை'
என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதினேன்.
இது எந்த இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஜூனில் சுங்க அலுவலகத்திலிருந்து அழைப்பு.
கிளாக்ஸ்விக்கிலிருந்து ஒரு பொதி:
கடற்காற்றில் புளிக்கவிட்ட மீன்.
வாடை எனக்கு முன்பே கவுண்டருக்கு வந்திருந்தது.
படிவத்தில் 'பொருளின் மதிப்பு' என்ற கட்டம் காலி.
அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:
பூச்சியமா, தெரியாதா?

வரிசையில் பின்னால் நின்றவர்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.
நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.