ஏழாம் பலகை

பொனேர் தீவு. எட்டடி ஆழம்.
மணலில் கம்பி இறக்கி
ஏழாம் பலகையை நட்டது ருட்செல்தான்.
இரண்டே சொல், அவர்கள் பேச்சில்:
"நோ மிஷி". தொடாதே.

அன்று மாலையே ஒரு மஞ்சள் மீன்
பலகையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு
நீந்தி வந்தவர்களையெல்லாம்
முட்டி விரட்டியது,
ருட்செல் உட்பட.

மாதம் ஒருமுறை பாசி சுரண்டுவது
மிரெல்வாவின் வேலை.
மார்ச்சில் இறங்கியவள்
தூரிகையை ஓங்கி, நிறுத்தினாள்.
"நோ"வின் மேல்
சுண்டுவிரல் நகமளவு
ஒரு பவளக் குஞ்சு.
மிச்சம் தெரிந்தது "மிஷி" மட்டும்.
தொடு.

மூச்சுக்குழலுக்குள் சிரித்ததில்
உப்புநீர் புரையேறியது.

கரையில், ஈரக் கையோடு,
புதுப் பலகைக்கு மனு எழுதினாள்.
பழையதற்கு என்ன ஆயிற்று
என்ற கட்டத்தில்:
ஆள் குடிவந்தாயிற்று.